கன்னியம்மா கேட்கச் சொன்னது

ஆடி மாதத்தில் என்னைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா" என்று யாரும் கேட்க வேண்டாம். எரிச்சல்தான் வரும். வந்தவாசியில் இருந்து பம்பையையும் உடுக்கையையும் மூட்டை கட்டிக்கொண்டு ஆடி ஒன்றாம் தேதி கிளம்பினால், ஆவணி பிறந்த பிறகுதான் என் பெண்டாட்டி என் முகத்தைப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை ஒரு ஊர், சனிக்கிழமை ஒரு ஊர், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊர். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் படுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் எவனாவது வந்து தாம்பூலம் வைத்துவிடுவான். பம்பை அடிப்பது ராசையா. உடுக்கை அடித்துக்கொண்டு அம்மனை வர்ணித்துப் பாடுவது நான். பாடிப் பாடி அவளை ஒரு ஆள் மேல் வரவழைக்க வேண்டும். வந்துவிட்டால் அம்மன் இறங்கினாள் என்பார்கள். வராவிட்டால் பாட்டுக்கார நீலமேகத்துக்கு வயசாகிப்போச்சு என்பார்கள். முப்பத்தோரு வருடமாக இந்தக் கதைதான்.

அந்த வருடம் நான்காவது ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பம். முந்தின நாள் சாத்தாங்காட்டில், இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பொன்னியம்மன் கோயில். அங்கே முடித்துக்கொண்டு விடிந்தும் விடியாமலும் டெம்போவில் ஏறினோம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. எதற்காக நிற்கின்றன, எப்போது நகரும் என்று அந்த டிரைவர்களுக்கே தெரியாது. பக்கத்தில் இருக்கிற ஊருக்குப் போக இரண்டு மணி நேரம் ஆயிற்று. கண்ணை மூடினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்பை வந்து என் முட்டியில் இடித்தது. ராசையா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். பம்பை அடித்து அடித்து அவனுக்குக் காது பாதி போய்விட்டது, ஹாரன் சத்தமெல்லாம் அவனை ஒன்றும் செய்யாது. அவனைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

நெட்டுக்குப்பத்துக்கு நாங்கள் ஒன்பது வருடமாகப் போகிறோம். முகத்துவாரத்தில் படகுகள், அக்கரையில் புகைபோக்கிகள், எதைத் தொட்டாலும் கையில் ஒட்டுகிற மெல்லிய சாம்பல். மற்றபடி நல்ல ஜனங்கள். வலை வைக்கிற கொட்டகையில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தேன். நேர் எதிரே மின்கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அது அலறிய அலறலில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. என் தலையெழுத்தை நொந்துகொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

அந்த ஊர் எல்லையம்மன் கன்னியம்மா என்கிற பெண்ணின் மேல்தான் வருவாள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். கன்னியம்மா கூடையில் மீன் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். புருசன் இல்லை, ஒரே பிள்ளை. மற்ற ஊர்களில் அம்மனை இறக்குவதற்குள் எனக்கு நுரையீரல் வெளியே வந்துவிடும். கன்னியம்மாவுக்குப் பத்து நிமிடம் பாடினால் போதும். இந்தக் காரணத்துக்காகவே எனக்கு நெட்டுக்குப்பம் பிடிக்கும்.

ஊர்த் தலைவர், நாட்டார் ராமதாஸ் டீ கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"வாத்தியாரே, ஒரு விசயம். கன்னியம்மா புள்ள தீபன் இருந்தான்ல. கார்த்திகையில கடலுக்குப் போச்சொல்லோ போட்டு கவுந்துடுச்சி. மூணு பேர்ல ரெண்டு பேர பக்கத்து போட்டுக்காரன் தூக்கிட்டான். இவன் கெடைக்கல."

"அடப்பாவமே. பாடி?"

"அதுவும் கெடைக்கல. ஒம்போது மாசம் ஆச்சி."

எனக்குத் தீபனைத் தெரியும். போன வருடம் எங்கள் டெம்போவில் இருந்து பம்பையை இறக்கி வைத்தவன் அவன்தான். மனசு கஷ்டமாகிவிட்டது. கூடவே தொழில் புத்தியும் வேலை செய்தது.

"சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருசம் தீட்டாச்சே நாட்டாரே. கன்னியம்மா எப்படி சாமிக்கு நிக்கும்?"

"சாவுன்னு யாரு சொன்னா? பாடி இல்ல, காரியம் பண்ணல, மருமவ கயுத்துல தாலி கீது. அப்பறம் தீட்டு எங்கேந்து வரும்? நாங்க நாலு பேரு ஒக்காந்து பேசி முடிவு பண்ணிட்டோம். அவ நிக்கலன்னா அம்மா யாரு மேல வருவா, சொல்லு."

அவருடைய கவலை அவருக்கு. வாதாட எனக்குத் தெம்பில்லை. இன்னொரு டீ கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன்.

எட்டு மணி சுமாருக்குக் கன்னியம்மாவே கொட்டகைக்கு வந்தாள். தலைக்குக் குளித்து மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். மணிக்கட்டில் காப்பு. பத்து நாளாக ஒருவேளைச் சாப்பாடு. நல்ல வாட்டசாட்டமான பெண்பிள்ளை, பாதியாகிப் போயிருந்தாள். பாயில் உட்காரச் சொன்னேன். கேட்காமல் மணலிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணாத்தே, அம்மா எம்மேல வந்தப்பறம் நீ ஒரு வார்த்த கேளு. எனுக்காவ."

"என்ன கேக்கணும்?"

"தீபன் கீறானா இல்லியா. அவ்ளோதான்."

எனக்குச் சுருக்கென்றது. "கேட்கிறது என் வேலை இல்லம்மா. நான் கூப்பிடுறவன். கேட்கிறதுக்கு நாட்டார் இருக்காரு, உங்க ஜனம் இருக்கு" என்றேன்.

"இருவத்திரெண்டு வருசமா ஊருக்கே சொல்லிகினு கீறேன் அண்ணாத்தே. எவன் வூட்டு நக எங்க போச்சி, எவளுக்கு எப்போ கொயந்த பொறக்கும், எல்லாம் சொல்றேனாம். நீ சொன்ன மேரியே நடந்துச்சின்னு அப்பறமா வந்து சொல்லுதுங்க. எனுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணு இருட்டிகினு வரும், அப்பறம் நாக்குல கற்பூரம் சுடும். நடுவுல என் வாயில வந்தது ஊருக்கெல்லாம் தெரியும், எனுக்கு மட்டும் தெரியாது."

"உன் மருமவ பின்னால நின்னு உன்னைப் பிடிச்சுக்குமே, அதைக் கேட்கச் சொல்லேன்."

"வினிதாவா? அவ எனுக்குப் புடிச்சத சொல்வா. நாட்டாரு ஊருக்குப் புடிச்சத சொல்வாரு. நீ சாயங்காலம் டெம்போ ஏறி பூடுவ. நாளிக்கி என் மூஞ்சில முயிக்கப் போறியா, இன்னா? உனுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல."

ஊர் ஊராகப் போகிறவனுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றுவிட்டேன்.

"கூட்டாம கொறைக்காம அப்டியே சொல்லணும்."

"சொல்றேம்மா. நீ போய் நிழல்ல உட்காரு."

அவள் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடற்காற்றில் பம்பைத் தோல் தொய்ந்துபோயிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ராசையா அட்டைப்பெட்டியைக் கிழித்து நெருப்பு மூட்டித் தோலைக் காய வைத்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். வினிதா அங்கே வந்தாள். இருபத்திநான்கு வயது இருக்கும். இறால் உரித்து ஐஸில் அடுக்குகிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள், விரல் நுனியெல்லாம் வெந்துபோயிருந்தது. தீபனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து இரண்டே வருடம்தான்.

"நைனா, அத்த உங்களாண்ட இன்னா சொல்லிச்சி?"

"ஒண்ணும் இல்லம்மா. பூசை எத்தனை மணிக்குன்னு கேட்டுது."

"அவரப் பத்தி அம்மாவாண்ட கேக்கச் சொல்லிச்சா?"

நான் இன்னொரு அட்டைத் துண்டை எடுத்து நெருப்பில் போட்டேன். அவளும் குந்தி உட்கார்ந்தாள்.

"தெனிக்கும் ராத்திரி அவருக்கு ஒரு தட்டுல சோறு போட்டு மூடி வைக்குது நைனா. காத்தால அத நான்தான் எடுத்து நாய்க்குப் போடணும். எங்க அண்ணன் பிரகாஷ் கல்மண்டபத்துல கீறான். வந்துடு வந்துடுன்னு போன் மேல போன் போடறான். எப்டி போவேன்? நான் தாலிய கயட்னா அதுக்குப் புள்ள செத்துட்டான்னு ஆவும். கயட்டாம நான் எவ்ளோ நாளு இப்டியே ஒக்காந்துகினு இருப்பேன்?"

"நீ என்ன நினைக்கிற, உன் புருசன் இருக்கானா?"

"கூடப் போன ரெண்டு பேரும் அன்னிக்கே என்னாண்ட வந்து சொல்லிட்டாங்க. அவங்க கண்ணு முன்னாலதான் முயுகிப் போனாராம். நான் அய்து முட்சிட்டேன் நைனா. அத்தகிட்ட சொல்லத்தான் ஒருத்தனுக்கும் தெகிரியம் இல்ல. எனுக்கும் இல்ல. அம்மா இன்னா சொன்னாலும் சரி, நீங்க பூட்டான்னு சொல்லிடுங்க."

எனக்கு வந்ததே கோபம். "ஏம்மா, நான் இந்தத் தொழிலுக்கு வந்து முப்பத்தோரு வருசம் ஆகுது. அம்மன் வாயில நான் வார்த்தை வைக்கணுமா?"

"நீங்கதான வர வைக்கிறீங்க" என்றாள்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ராசையாவைப் பார்த்தேன், அவன் காதில் எதுவும் விழவில்லை. வினிதா எழுந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூழ்ப் பானைக்கு மாவிலை கட்டுகிற பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

பத்தரை மணிக்கு முகத்துவாரத்தில் இருந்து கரகம் கிளம்பியது. திருவிழா பார்க்கிறவர்களுக்கு நெட்டுக்குப்பம் மாதிரி ஒரு இடம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். படகுகளுக்கெல்லாம் மஞ்சள் பூசி வேப்பிலை கட்டியிருந்தார்கள். ஒரு படகும் அன்று கடலுக்குப் போகவில்லை. வாலிபப் பையன்கள் தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டு ஆட்டம் போட்டார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், ஆடுகிறவர்களின் காலுக்கு என்று பெயர், பாதித் தண்ணீர் என் தலையில். பெண்கள் குலவை போட்டார்கள். கரகம் ரோட்டுக்கு வந்ததும் லாரிகள் நின்றன. டிரைவர்கள் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். வடக்கத்திக்காரன் ஒருத்தன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே எங்கள் கூட ஆட ஆரம்பித்துவிட்டான். எல்லார் முகத்திலும் அவ்வளவு சந்தோசம். எனக்கு மட்டும் கால் எரிந்தது, கழுத்து நரம்பு வலித்தது, உட்கார ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது. இருபத்தைந்து நாளில் இது எனக்குப் பதினாறாவது திருவிழா.

கோயில் முன்னால் வேப்பிலையைக் கையில் கொடுத்துக் கன்னியம்மாவை நிறுத்தினார்கள். பின்னால் வினிதா மஞ்சள் துணியை அவள் இடுப்பில் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பம்பை எழுந்தது. நான் உடுக்கையை எடுத்துப் பாட ஆரம்பித்தேன்.

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. கன்னியம்மா கல்லு மாதிரி நின்றாள். கண்ணை மூடியிருந்தாள், ஒரு விரல்கூட அசையவில்லை. என் தொண்டை கிழிந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. தீட்டு என்று யாரோ ஒரு கிழவி சொன்னது என் காதில் விழுந்தது. நாட்டார் முகம் கறுத்துவிட்டது. வேகமாக என்னிடம் வந்து காதைக் கடித்தார்.

"வாத்தியாரே, இன்னா பாடிகினு கீற? பொன்னியம்மா பொன்னியம்மான்றியே. எங்க அம்மா எல்லையம்மாயா."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முந்தின நாள் சாத்தாங்காட்டு அம்மனையே இருபது நிமிடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு இந்த வீட்டுக்காரி ஏன் வரவில்லை என்று நிற்கிறேன். தூக்கமில்லாதது ஒரு காரணம். இந்த மாமியாரும் மருமகளும் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தது இன்னொரு காரணம். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எல்லையம்மா, தாயே, கிழவன் தெரியாமல் செய்துவிட்டேன் என்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவள் பெயரைச் சொல்லி அழைத்தேன். மூன்றாவது அழைப்பிலேயே கன்னியம்மாவின் கையில் இருந்த வேப்பிலை நடுங்கியது. தலை பின்னால் சாய்ந்து கூந்தல் அவிழ்ந்தது. வினிதாவை இழுத்துக்கொண்டே நாலு அடி முன்னால் வந்தாள். ஜனம் ஓவென்று சத்தம் போட்டது. மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் கொட்டினார்கள்.

நாட்டார் கை கட்டி நின்று, கூழ் ஊற்ற உத்தரவு கேட்டார். அம்மன் கொடுத்தாள். கடல் தொழில் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஐப்பசிக்கு மேல் கைநிறைய மீன் தருகிறேன் என்றாள். இரண்டு மூன்று பெண்கள் கல்யாணம், வேலை என்று கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி விபூதி போட்டாள். உத்தரவு கிடைத்துவிட்டது என்றதும் கூட்டம் மொத்தமும் கூழ்ப் பானைப் பக்கம் திரும்பியது. குலவை, பட்டாசு, ராசையாவின் பம்பை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் நான் கிட்டே போனேன். அவளுக்குப் பின்னால் வினிதா, முன்னால் நான், வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

"தாயே, உன்னைச் சுமக்கிறவ ஒண்ணு கேட்கச் சொன்னா. அவ புள்ள தீபன் இருக்கானா?"

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். மூச்சு மட்டும் புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. அதுவரை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசியவள், இப்போது எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்து பேசினாள்.

"என்னாண்ட கீறான்."

"உசுரோடயா தாயே?"

"குளுருதும்மான்னான். முந்தானையால போத்திட்டேன். தூங்கறான். எயுப்பாதீங்க."

மஞ்சள் பூசிய முகத்தில் கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. வினிதாவின் பிடி தளர்ந்து துணி நழுவியது. அவளும் கேட்டுவிட்டாள். பேசியது அம்மனா, கன்னியம்மாவா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் எனக்கு இஷ்டமில்லை. உடுக்கை அடிக்கிறதை மறந்து நின்றேன். உடுக்கை நின்றதைப் பார்த்து நாட்டார் ஓடிவந்தார். நாக்கில் கற்பூரம் வைத்தார்கள். அம்மன் மலையேறினாள். கன்னியம்மா மருமகள் மேலேயே சரிந்து விழுந்தாள்.

மதியம் கொட்டகையில் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை. சாயங்காலம் எர்ணாவூரில் இன்னொரு கோயில். மூன்று மணிக்கெல்லாம் டெம்போ வந்து நின்றுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், கன்னியம்மா கண்ணில் படாமல் ஓடிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ராசையாவை அவசரப்படுத்தினேன். அவனுக்கு நான் சொன்னது காதில் ஏறி, அவன் நிதானமாக வாய் கொப்பளித்து, பம்பையைத் துணியில் சுற்றி எடுப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். வினிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நடந்து வந்தாள். வந்ததும் மணலில் உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னா, அண்ணாத்தே?"

"பம்பைச் சத்தத்துல ஒண்ணும் சரியா காதுல விழலம்மா" என்றேன். என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"பதிலு வந்துச்சா?"

நான் உடுக்கைக் கயிற்றை முடிச்சுப் போட்டேன், அவிழ்த்தேன், மறுபடியும் முடிச்சுப் போட்டேன். கன்னியம்மா மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நீதான புடிச்சிகினு இருந்த. நீ சொல்லு."

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பெண் காலையில் என்னிடம் கேட்டுக்கொண்டதும் இதுதானே. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே அண்ணன் வீட்டுக்குப் போகலாம், தன் வயசுக்கு ஒரு வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ளலாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம், காதால் கேட்டதைச் சொன்னால் போதும். அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வினிதா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

"வருவாருன்னு சொன்னாங்க அத்தே. கொஞ்ச நாளாவுமாம். ஆனா வருவாருன்னு சொன்னாங்க."

அடி பாவி மகளே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

கன்னியம்மா சந்தோசப்படவில்லை. கையை மெல்லத் தூக்கித் தன் கன்னத்தைத் தடவினாள். காய்ந்த மஞ்சளில் கண்ணில் இருந்து தாடை வரைக்கும் கோடு கோடாக இருந்தது. அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"வர்றவனுக்கு அம்மா இன்னாத்துக்குடி அய்தா?"

வினிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருவத்திரெண்டு வருசத்துல அவ ஒரு நாளு அய்ததில்ல. கண்ணு எரியுது எனுக்கு. தொண்ட கட்டிகினு கீது. உனுக்குப் பொய் சொல்ல வரலடி." பிறகு என்னைப் பார்த்தாள். "கூட்டாம கொறைக்காம சொல்றேன்னியே அண்ணாத்தே."

சொன்னேன். வேறு வழியில்லை. என்னாண்ட கீறான் என்றதையும், குளிருகிறது என்று அவன் சொன்னதையும், போர்த்திவிட்டேன் என்றதையும், எழுப்ப வேண்டாம் என்றதையும் வந்த வார்த்தை மாறாமல் சொன்னேன். கடைசி வார்த்தைக்கு என் குரல் போய்விட்டது. முப்பத்தோரு வருடமாக ஊர் ஊராகக் கத்துகிற குரல், அந்த ஒரு வார்த்தைக்கு எழும்பவில்லை.

"போத்திட்டாளாமா?" என்றாள் கன்னியம்மா.

"போத்திட்டேன்னுதாம்மா சொன்னாங்க."

"தீட்டு வூட்லேந்துதான் போயி நின்னுகீறேன். தெரிஞ்சிகினேதான் எம்மேல வந்துகீறா."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒப்பாரி வைத்துத் தலையில் அடித்துக்கொள்வாள், நாலு பேர் ஓடி வருவார்கள், அந்தச் சந்தடியில் நான் டெம்போ ஏறிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் ரொம்ப நேரம் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வினிதாதான் அழுதாள், சத்தம் வராமல். எர்ணாவூருக்கு நேரமாகிறது என்று டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். நான் அவனை முறைத்த முறைப்பில் அப்புறம் அடிக்கவில்லை.

கன்னியம்மா மருமகளிடம் கையை நீட்டினாள்.

"உங்க அண்ணனுக்குப் போன போடு."

"இன்னாத்துக்கு அத்தே? நான் எங்கியும் போவல. உன்னாண்டதான் இருப்பேன்."

"போடுன்றேன்ல."

வினிதா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கன்னியம்மா அவள் இடுப்பில் செருகியிருந்த செல்போனைத் தானே உருவி எடுத்து என்னிடம் நீட்டினாள். "எனுக்கு எயுத்து தெரியாது அண்ணாத்தே. பிரகாசுன்னு இருக்கும் பாரு, நீ போட்டுக் குடு."

தேடிப் பிடித்துப் போட்டேன். மணி அடித்தது. எடுத்தவன் வினிதா, வினிதா என்றான். போனைக் கன்னியம்மா கையில் கொடுத்தேன். அவள் அதைக் காதில் வைக்காமல் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"பிரகாசு, நான் வினிதா மாமியா பேசறேன். தீபன் பூட்டாம்பா."

கம்பத்து ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. என்னது, சரியாகக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று அந்தப் பக்கம் அவன் கத்தினான். கன்னியம்மா முட்டியில் கை ஊன்றி எழுந்து நின்றாள். கூழ்ப் பானையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, தெருவில் மீன் கூவி விற்கிற குரலில் சொன்னாள்.

"எம் புள்ள செத்துட்டாம்பா. காரியம் முட்சதும் வந்து உன் தங்கச்சிய இட்டுகினு போ."